குப்பியில் வரும் கந்தகமும் கஞ்சிச் சட்டியில் உள்ள கந்தகமும்



அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தினர் கலைந்து சென்ற பின், எங்கள் பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் ஒருவர் என்னை அருகே அழைத்தார். ஜிப்பாப் பையிலிருந்து வெள்ளைக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். "ஹஜ்ரத், இது ஹலால்தானா? பார்த்துச் சொல்லுங்கள். மருமகன் வாங்கிக் கொடுத்தது. மூட்டுக்குக் கந்தகச் சத்து வேண்டுமாம். மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் தரையில் உட்கார்ந்தே தொழலாமாம்" என்றார்.

குப்பியின் விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு மாதத்திற்குத்தான் வரும். அவருடைய வருவாய்க்கு அது சிறிய தொகை அன்று. ஆயினும் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாச் செய்ய வேண்டும் என்ற ஏக்கம் அவர் கண்களில் தெரிந்தது. அந்த ஏக்கத்திற்கு எந்த விலையையும் கொடுக்க அவர் ஆயத்தமாக இருந்தார்.

ஹலாலா ஹராமா என்று ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குப்பியின் மீது அச்சிட்டிருந்ததைப் படித்ததும் அது இயலாது எனத் தெரிந்தது. குளுக்கோசமைன் சல்பேட், காண்ட்ராய்டின் சல்பேட், எம்.எஸ்.எம். என்று மூன்று பொருள்கள். கீழே மிகச் சிறிய எழுத்தில் 'காப்ஸ்யூல் கூடு: ஜெலட்டின்' என்று ஒரு வரி. நான் கலைப்பாடம் படித்தவன். வேதியியல் எனக்கு அயல்நாடு. எனவே மருந்தாளுநராகப் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரை அழைத்து வைத்துக்கொண்டு, கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே உங்கள் முன் வைக்கின்றேன். இத்தகைய குப்பி உங்கள் இல்லத்து அலமாரியிலும் இருக்கக்கூடும்.

கந்தகம் என்றதும் தீப்பெட்டியும் வாணவெடியும் நினைவுக்கு வரும். அரபு மொழியில் அதற்குக் 'கிப்ரீத்' என்று பெயர். இன்றைய அரபியர் தீக்குச்சியையும் அச்சொல்லாலேயே குறிப்பிடுவர். மிக அரிதான, கிடைத்தற்கரிய ஒன்றைச் 'செங்கந்தகம்' என்று கூறுவது பழைய அரபு வழக்கு. ஈயத்தைப் பொன்னாக்கும் அந்தச் செங்கந்தகத்தைத் தேடி ரசவாதிகள் வாழ்நாளைக் கழித்தனர். அது எவருக்கும் கிட்டவில்லை. இன்று குப்பியில் அடைத்து விற்போர் சிலரின் பேச்சைக் கேட்கும்போது, அதுதான் கடைசியில் கிட்டிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

உண்மையில் நமக்குத் தேவையான கந்தகம் அரிதான பொருளே அன்று. வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 140 கிராம் கந்தகம் உள்ளது. தசையிலும் தோலிலும் நகத்திலும் முடியிலும் மூட்டுக் குருத்தெலும்பிலும் அது கலந்திருக்கிறது. குர்பானி நாளில் ஆட்டின் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டும்போது வீடெங்கும் ஒரு நாற்றம் பரவுமே, அது முடியிலுள்ள கந்தகத்தின் நாற்றமே ஆகும்.

இந்தக் கந்தகத்தை உடல் தனியாக உட்கொண்டு பெறுவதில்லை. மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரு அமினோ அமிலங்களின் வாயிலாகவே பெரும்பாலும் பெறுகின்றது. இவை புரத உணவில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 15 மில்லி கிராம் போதுமானது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 900 மில்லி கிராம். ஒரு கோழி முட்டையில் முந்நூறு மில்லி கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. நூறு கிராம் கோழிக்கறியோ மீனோ உண்டால் ஏறக்குறைய ஒரு நாளின் தேவை முடிந்துவிடும்.

கறிக்கும் மீனுக்கும் வழியில்லாதவர் என்ன செய்வது எனக் கேட்கலாம். பருப்பு வகைகளில் புரதம் மிகுதி. ஆனால் இந்தக் கந்தக அமிலங்கள் குறைவு. அரிசியில் புரதம் குறைவு. ஆனால் அதிலுள்ள புரதத்தில் இவை நன்றாகவே இருக்கின்றன. அரிசியில் குறைவான லைசின் என்னும் அமிலமோ பருப்பில் நிறைந்துள்ளது. எனவே இரண்டும் ஒன்றாய்ச் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. ரமளான் மாதத்தில் நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், வெங்காயம், பூண்டு, வசதியிருந்தால் கொத்துக்கறி. எந்த ஆய்வுக்கூடத்தையும் கண்டிராத நம் பாட்டிமார் அந்தக் கலவையைக் கைப்பக்குவத்தால் கண்டடைந்தனர்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சள் கந்தகக் கட்டியைப் பொடித்து உண்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சொறி சிரங்குக்குப் பூசும் களிம்பில் கந்தகம் சேர்ப்பது நீண்டகால வழக்கம். இன்றும் மருத்துவர்கள் அதை ஏற்கின்றனர். ஆனால் உள்ளுக்குச் சாப்பிட அதைத் தாமாகவே எடுத்துக்கொள்வது ஆபத்து. அதுபோலவே 'சல்ஃபா' மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் பூண்டையும் முட்டையையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்த ஒவ்வாமை குறிப்பிட்ட மருந்து வகையைச் சார்ந்தது. கந்தகத்தின் மீது எழுவதன்று.

பூண்டின் செய்தி

கந்தக உணவு என்று பேசினால் பூண்டையும் வெங்காயத்தையும் விட்டுவிட முடியாது. திருக்குர்ஆனில் ஸூரத்துல் பகராவின் 61ஆம் வசனத்தில், பனூ இஸ்ராயீல் மக்கள் மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட உணவுப் பொருள்களின் வரிசையில் வெங்காயம் வருகின்றது. அங்குள்ள 'ஃபூம்' என்ற சொல்லுக்குப் பூண்டு என்று விரிவுரையாளர் சிலரும் கோதுமை என்று வேறு சிலரும் பொருள் கொண்டுள்ளனர்.

பச்சைப் பூண்டு, வெங்காயம் உண்டவர் அந்த வாடையுடன் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இதைக் கொண்டு பூண்டே ஆகாத பொருள் எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களும் இதே ஐயத்தைக் கேட்டார்கள். பூண்டு சேர்ந்த உணவு உண்ணப்படாமல் திரும்பி வந்தபோது, இது ஹராமா என வினவினார்கள். இல்லை, இதன் வாடையை நான் விரும்புவதில்லை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உண்ண விரும்புவோர் சமைத்து அதன் வாடையை நீக்கிவிட்டு உண்ணட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் அறிவுறுத்தினார்கள்.

இந்த வாடைக்குப் பின்னால் வியப்பூட்டும் வேலை ஒன்று நடக்கின்றது. உரித்த முழுப் பூண்டுக்கு வாடை குறைவு. அதனுள் அல்லீன் என்னும் கந்தகப் பொருளும் அல்லினேஸ் என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்க, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகின்றது. கவல்லிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1944ஆம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டெனக் காட்டினர். முழுப் பல்லாகவே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதி வெந்து செயலிழந்துவிடும். அல்லிசின் உண்டாக வழியில்லாமல் போகும். ஆகவே இல்லத்தரசிகள் பூண்டைத் தட்டிப் பத்து நிமிடம் வைத்திருந்து பின்னர் அடுப்பில் சேர்ப்பது நன்று.

வாயை எத்தனை முறை கொப்பளித்தாலும், மிஸ்வாக்கால் தேய்த்தாலும், பூண்டு வாடை ஏன் போவதில்லை தெரியுமா? பூண்டின் கந்தகப் பொருளில் ஒரு பகுதி குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சுக் காற்றில் வெளியேறுகின்றது. வாடை வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, மூச்சிலிருந்தும் வருகின்றது. வாயைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் கூறாமல், அந்த வாடையோடு வரவே வேண்டாம் என்று சொல்லப்பட்டதை இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்த்தேன்.

சரி, பூண்டை மாத்திரையாக்கி விற்கிறார்களே, கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே, அது மெய்தானா? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். கொலஸ்ட்ரால் சற்று உயர்ந்திருந்த 192 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பச்சைப் பூண்டும், இரு பிரிவினர்க்கு இருவகைப் பூண்டு மாத்திரைகளும், நான்காம் பிரிவினர்க்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தனர். கெட்ட கொழுப்பின் அளவில் நான்கு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கு அதைச் சிறிதளவு தணிப்பதாக வேறு ஆய்வுகள் கூறுகின்றன. அது மருந்துக்கு மாற்றாகும் அளவினதன்று. ஆனால் பூண்டு மாத்திரை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவை உட்கொள்வோரும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்போரும் மருத்துவரிடம் சொல்லாமல் அதைத் தொடுவது கூடாது.

மூட்டுக் குப்பியின் உள்ளே

இனிப் பெரியவரின் குப்பிக்கு வருவோம். மூட்டிலுள்ள குருத்தெலும்பில் கந்தகம் கலந்த காண்ட்ராய்டின் இயற்கையாகவே உண்டு. தேய்ந்த மூட்டுக்கு அதையே உண்ணக் கொடுத்தால் வளருமே என்பது விற்போரின் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயின் வயிற்றுக்குள் போனது முழங்காலைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு உறுதி என்ன?

அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் நடந்த பெரிய ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முழங்கால் தேய்மானத்தால் வலியுற்ற 1583 பேர் அதில் பங்கேற்றனர். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் சல்பேட், இரண்டும் சேர்த்து, வலி நிவாரணி மாத்திரை, போலி மாத்திரை என ஐந்து வகையாகப் பிரித்து 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். இரண்டும் சேர்த்து உண்டவர்களில் நூற்றுக்கு 67 பேர் வலி குறைந்ததாகக் கூறினர். ஆகா என்று வியப்பதற்கு முன் மற்றொரு எண்ணையும் பாருங்கள். ஒன்றுமே இல்லாத போலி மாத்திரையை உண்டவர்களிலும் நூற்றுக்கு 60 பேர் வலி குறைந்தது என்றே கூறினர்! இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். வலி கடுமையாக இருந்த சிறு பிரிவினர்க்கு மட்டும் இரண்டின் கலவை உதவியது போலத் தோன்றியது. அந்த ஆய்வில் கொடுத்தது குளுக்கோசமைனின் ஹைட்ரோகுளோரைடு வகை. சல்பேட் வகையாயின் பலன் கிட்டியிருக்கும் என வாதிடுவோரும் உள்ளனர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எம்.எஸ்.எம். என்பது மெத்தில்சல்ஃபோனில்மீத்தேன். பாலிலும் காய்கறியிலும் மிகச் சிறிதளவு உள்ளது. குப்பியில் வருவது தொழிற்சாலையில் செய்யப்படும் வெண்ணிறத் துகள். 2006ஆம் ஆண்டில் முழங்கால் வலியுள்ள 50 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், நாளொன்றுக்கு ஆறு கிராம் உண்டவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஐம்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. பெரியவரின் குப்பியிலோ, ஒரு நாளைக்கு உண்ணச் சொன்ன இரண்டு காப்ஸ்யூலும் சேர்ந்து அரை கிராம்கூடத் தேறவில்லை.

பெண்களுக்கு ஒரு சொல். முடி உதிர்வுக்கென விழுங்கும் பயோட்டினும் கந்தகம் கொண்ட ஒரு வைட்டமினே. அதை மிகுந்த அளவில் உண்டுவரும்போது தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டக்கூடும் என 2017ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இரத்தம் கொடுக்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இதைவிட வருத்தம் தருவது நிக்காஹ் நாள் நெருங்கும்போது மணப்பெண்ணை நிறமாக்கும் பொருட்டுக் குளூட்டாதயோன் ஊசி போடுவது. இதுவும் கந்தகப் பொருளே. நிறத்திற்காக இதை ஊசியாகச் செலுத்துவது பாதுகாப்பற்றது என்று பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019ஆம் ஆண்டில் எச்சரித்துள்ளது. அல்லாஹ் படைத்த நிறத்தைக் குறையென்று பெண் பார்க்க வந்தோர் சொன்னால், வாசலைக் காட்டி அனுப்பும் துணிவு நம் வீட்டாருக்கு வேண்டும்.

கந்தக மருந்துகளில் ஐயத்திற்கு இடமில்லாமல் உயிர் காப்பதும் உண்டு. பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலைக் காப்பாற்ற மருத்துவமனையில் அசிட்டைல் சிஸ்டீன் கொடுக்கின்றனர். முதல் எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் பலன் மிகுதி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மார்க்கச் சட்டம் இதன் மீதே நிற்கின்றது.

ஹலாலா என்ற கேள்வி

காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா ஆகியவற்றின் குருத்தெலும்பிலிருந்து எடுக்கப்படுகின்றது. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கின்றது. ஹனஃபி மத்ஹபில் மீன் தவிர்ந்த கடல் உயிரினங்கள் ஆகுமானவை அல்ல. இறாலைப் பற்றி மட்டும் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபில் கடலின் வாசல் அகலமானது. எனினும் நண்டைப் பற்றி அங்கும் பேச்சுண்டு. சிஸ்டீனை வாத்து இறகிலிருந்தும், மனித முடியிலிருந்தும்கூட எடுக்கின்றனர். நுண்ணுயிர்களைக் கொண்டு செய்வதும் உண்டு. ஜெலட்டின் கூடு மாட்டினுடையதா, பன்றியினுடையதா? மாடெனில் பிஸ்மி கூறி அறுக்கப்பட்டதா? குப்பியின் மீதுள்ள பழுப்பு நிறக் குறி, அசைவம் என்று மட்டுமே கூறும். எந்த விலங்கு என்று கூறாது. ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்னும் 'இஸ்திஹாலா' விதியைக் கொண்டு ஜெலட்டினை ஆகுமாக்கும் அறிஞர்களும் உள்ளனர். அந்த மாற்றம் இங்கு முழுமையடையவில்லை என மறுப்போரும் உள்ளனர்.

இங்குதான் நான் முன்னர் கூறிய வேறுபாடு வருகின்றது. மாற்று மருந்து கிடைக்காத நிலையில், நம்பத்தகுந்த மருத்துவர் இதில்தான் குணம் உண்டு என்று கூறும்போது, நோயாளிக்குச் சலுகை உண்டென ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அந்தச் சலுகை தேவையின் மீது கட்டப்பட்டது. உயிர் காக்கும் ஊசிக்கும் மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கும் அது பொருந்தும். பலன் உண்டா என்பதே உறுதியாகாத ஒரு சத்துக் குப்பிக்கு அந்த வாசல் திறப்பதெப்படி? எனவே 'இது ஹலாலா' என்று என்னிடம் கேட்பதற்கு முன் 'இது எனக்குத் தேவையா' என்று மருத்துவரிடம் கேட்பதே முறை. தேவை என்று அவர் சொன்னால், தாவர நாரினால் செய்த கூடுகளிலும் வெறும் மாத்திரை வடிவிலும் இவை கிடைக்கின்றன, அவற்றைத் தேடலாம். வார்ஃபரின் உண்போருக்குக் குளுக்கோசமைனும் ஆகாது. இறால் ஒவ்வாதோரும் அஞ்ச வேண்டும். மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் கையில் கொண்டு செல்லுங்கள்.

பெரியவரிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. முதலில் அவருடைய மனச்சுமையை இறக்க வேண்டியிருந்தது. நாற்காலித் தொழுகை அரைத் தொழுகை என்று யாரோ அவரிடம் கூறியிருக்கின்றனர். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, நின்று தொழுங்கள், இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை எடுத்துரைத்தேன். இயலாமையால் அமர்ந்து தொழுபவருக்குக் கூலியில் குறைவில்லை என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பின்னர் எலும்பு மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் படமெடுத்துப் பார்த்து, உடல் எடையைக் குறைக்கச் சொன்னார். நாற்காலியில் அமர்ந்தபடியே காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சியைப் பத்துப் பத்து முறை செய்யச் சொன்னார். தொடைத் தசை வலுப்பெற்றால் முழங்காலின் மீது விழும் பாரம் குறையுமாம். இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் தஸ்பீஹ் முடித்ததும் அந்த நாற்காலியிலேயே காலை நீட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். ஸஜ்தா இன்னும் தரைக்கு வரவில்லை. ஹவ்ளுப் படிகளில் மட்டும் சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறார். குப்பியில் மீதமிருந்ததைப் பற்றி மருமகனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.